சவுரி மிதித்த வண்டி

சவுரிமுத்துவிடம் நான்கு டயர்கள் இருந்தன. சின்னக் கார்களுக்குப் பொருந்தும் பன்னிரண்டு அங்குல டயர்கள், ரிம்மோடு சேர்த்து. வாங்கியது 1998-இல். 2004-இலும் அவற்றின் மேல் புது டயருக்கு இருக்கும் ரப்பர் முடி உதிராமல் அப்படியே இருந்தது. அந்த ஆறு வருடத்தில் எத்தனையோ கார்களில் ஏறி இறங்கிவிட்டன. ஓடிய தூரத்தை எல்லாம் சேர்த்தால் கீழ்க்கட்டளையிலிருந்து செங்கல்பட்டு வரைகூட வராது.

காரணம் சிக்கலானதல்ல. கார் வாங்கிப் பதினைந்து வருடம் ஆனால், அது இன்னும் ரோட்டில் ஓடத் தகுதியானதுதானா என்று அரசாங்கம் ஒருமுறை பார்க்க வேண்டும். பார்த்து ஒப்புக்கொண்டால் இன்னும் ஐந்து வருடம் ஓட்டலாம். இதற்கு எஃப்.சி. காட்டுவது என்று பெயர். பார்க்கிற அதிகாரியைச் சட்டம் மோட்டார் வாகன ஆய்வாளர் என்று சொல்லும், சனங்கள் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று சொல்வார்கள். அவர் ஆர்.டி.ஓ. மைதானத்தில் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். மைதானத்துக்கு ஒரு தெரு தள்ளி, கிழட்டுக் காரின் மொட்டை டயர்களைக் கழற்றிவிட்டுச் சவுரிமுத்து தன் டயர்களை மாட்டுவார். கார் உள்ளே போய் ஒரு சுற்று சுற்றும். வெளியே வந்ததும் டயர்கள் மறுபடி மீன்பாடி மூன்றுசக்கர வண்டியில் ஏறி வீட்டுக் கொட்டகைக்குப் போய்விடும்.

டயர் மட்டுமல்ல. இரண்டு ஹெட்லைட், ஒரு பேட்டரி, பட்டாளத்தையே எழுப்பும் ஒரு ஹாரன், ஒரு ஜோடி வைப்பர், மூடியில் சிவப்புக் குறி போட்ட ஒரு முதலுதவிப் பெட்டி. இவை சேர்ந்ததுதான் சவுரிமுத்துவின் தொழில். சர்க்கரை நோயாளி பக்கத்துக் கட்டில்காரரின் சிறுநீரைக் குப்பியில் கொண்டுபோய்க் கொடுத்து, எனக்கு ஒன்றுமில்லை என்று சீட்டு வாங்கி வருவதும் இதுவும் ஒன்றுதான். நோயாளிக்குச் சந்தோஷம், சீட்டுக் கொடுத்தவருக்கு வேலை முடிந்தது. சர்க்கரை மட்டும் தன்பாட்டுக்கு இருக்கும்.

சவுரிமுத்து பிறந்தது அனகாபுத்தூரில். பதினாறு வயதில் பல்லாவரத்தில் லாரிக்கு கிளீனராகப் போனார். இருபத்திரண்டில் டிரைவர். முப்பதில் லாரி முதலாளியின் காகிதங்களைக் கொடுக்க ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு வந்தவர், அங்கே மரத்தடியில் பத்துப் பேர் உட்கார்ந்தபடியே சம்பாதிப்பதைப் பார்த்தார். தானும் உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை. மகள் ஜெசிந்தாவுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள், “அப்பா என்ன பண்றார்?” என்று கேட்டபோது, “ஆர்.டி.ஓ.ல இருக்கேன்” என்றார். பொய் இல்லை. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை அங்கேதான் இருக்கிறார். அவர் என்னவாக இருக்கிறார் என்று அவர்கள் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. பெரிய அதிகாரி வீட்டில் பெண் எடுத்த திருப்தியோடு போனார்கள்.

அவர் மனைவி ஞானம்மாள் குரோம்பேட்டையில் ஒரு நர்சிங் ஹோமில் இருபத்திரண்டு வருடமாக ஆயா. கட்டுப் போடுவதிலும் படுக்கைப் புண் வராமல் புரட்டிவிடுவதிலும் அங்கிருக்கும் நர்சுகளைவிடக் கெட்டிக்காரி. கணவரின் தொழிலைப் பற்றி அவளுக்கு ஒரு கருத்து இருந்தது. அதை வாரத்துக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

2004 மே மாதம் லக்ஷ்மிநாராயணன் என்பவர், பள்ளிக்கூட ஆபீசில் ரிட்டையர் ஆனவர், தன் வெள்ளை நிறச் சின்னக் காரைச் சவுரிமுத்துவிடம் ஒப்படைத்தார். 1989 மாடல். மூன்று முறை மிதித்தால் மூன்றாவது மிதியில் பிரேக் யோசிக்க ஆரம்பிக்கும். பின்சீட்டில் இடதுபக்கம் கால் வைக்கும் இடத்தில் தரை துருப்பிடித்து அப்பளமாகியிருந்தது. சவுரிமுத்து அங்கே ஓர் எண்ணெய் டின்னை வெட்டி விரித்து, பட்டி பூசி, கறுப்பு பெயின்ட் அடித்து, மேலே ரப்பர் மேட்டைப் போட்டார். அரை நாள் வேலை. டயர் மாட்டி மைதானத்துக்குள் ஓட்டிப் போனார்.

“வண்டி எப்படிய்யா?” என்றார் பிரேக் இன்ஸ்பெக்டர், நாற்காலியில் இருந்தபடி.

“தங்கம் சார். ஒரே ஓனரு. கோயிலுக்குப் போவாரு, பேங்குக்குப் போவாரு. அவ்ளோதான் சார்.”

“ஓட்டிக் காட்டு.”

இங்கேதான் சவுரிமுத்துவின் கைவரிசை. இன்ஸ்பெக்டர் கையைத் தூக்கிய நொடியில் அவர் கால் பிரேக்கை மிதிக்கும், அது ஊருக்காக. கை கியரை முதலாவதுக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கைச் சுண்டி இழுக்கும், அது வண்டிக்காக. கார் ஆணி அடித்த மாதிரி நின்றது.

“ஃபர்ஸ்ட் எய்ட்?”

சவுரிமுத்து பெட்டியைத் தூக்கிக் காட்டினார். சிவப்புக் குறி தெரிந்தது.

“ம்” என்றார் இன்ஸ்பெக்டர். 2009 வரை அந்தக் கார் திடகாத்திரம் என்று அரசாங்கம் கையெழுத்துப் போட்டது. லக்ஷ்மிநாராயணன் டாக்டர் கைவிட்டவர் பிழைத்தது போலச் சந்தோஷப்பட்டு, அடுத்த மாதமே காரை ஒரு பழைய கார் வியாபாரியிடம் விற்றுவிட்டார். அவர் முட்டாள் இல்லை.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை. ஜெசிந்தாவுக்கு நாள் நெருங்கியிருந்தது, டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பத்து நாள். மாலை நான்கு மணிக்கு ஞானம்மாள் வேலை செய்யும் நர்சிங் ஹோமில் செக்கப். மதியம் கீழ்க்கட்டளையில் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு அங்கே போவதாக ஏற்பாடு. மேடவாக்கத்திலிருந்து ஆட்டோவில் வருவார்கள் என்று சவுரிமுத்து வாசலில் நின்றார்.

வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. பொட்டு வைத்து, சாமந்தி மாலை போட்டு, நான்கு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் நசுங்கிய தடத்தோடு. மருமகன் பிரசன்னா இறங்கினான்.

“சர்ப்ரைஸ் மாமா! நேத்துதான் டெலிவரி எடுத்தேன். வர்ற வழியில சர்ச்சுல ஃபாதர்கிட்ட மந்திரிச்சுட்டு வந்தோம்.”

சவுரிமுத்து நம்பர் பிளேட்டைப் பார்க்கவில்லை. பின்கதவில் ஸ்கூட்டர் இடித்த பள்ளத்தைப் பார்த்தார். அது போதும். அந்தக் கதவைத் திறந்துகொண்டு, பின்சீட்டின் இடதுபக்கத்திலிருந்து, வயிற்றைப் பிடித்தபடி ஜெசிந்தா இறங்கினாள். மேடவாக்கம் ரோட்டில் தண்ணீர் லாரிகளுக்கு நடுவே ஒன்பதாம் மாத வயிற்றோடு அவள் ஓர் எண்ணெய் டின்னின் மேல் கால் வைத்து வந்திருக்கிறாள். ஃபாதர் தீர்த்தம் தெளித்திருக்கிறார். அவரும் கீழே குனிந்து பார்த்திருக்க மாட்டார்.

“இன்னாப்பா அப்படியே நின்னுட்ட? புடிக்கலியா?” என்றாள் ஜெசிந்தா.

“புடிச்சிகீதும்மா. நீ உள்ள போ. வெயிலு.”

சாப்பாடு ஆயிற்று. மீன் குழம்பு. சவுரிமுத்து முள்ளோடு சேர்த்து விழுங்கினார். மணி இரண்டு. மூன்றரைக்குக் கிளம்புவார்கள்.

“மாப்ள, வண்டிய இங்க வுட்டுட்டுப் போங்க. ஒரு சர்வீஸ் பண்ணிடலாம்” என்று ஆரம்பித்தார்.

“எதுக்கு மாமா? மே மாசம்தான் எஃப்.சி. ஆயிருக்கு.” பிரசன்னா சட்டைப் பையிலிருந்து ஆர்.சி. புத்தகத்தை எடுத்தான். “பாருங்க, சீல் மைகூடக் காயல. 2009 வரைக்கும் கவலையில்ல.”

“சீலு இருக்கட்டும். பழய வண்டி...”

“மாமா, நான் சாஃப்ட்வேர்ல டெஸ்டிங்ல இருக்கேன். ஒரு இன்டிபென்டன்ட் ஆளு செக் பண்ணி பாஸ் போட்டா அதுக்கு ஒரு மதிப்பு இருக்கு. அதுவும் உங்க டிபார்ட்மென்ட்.” மனைவி பக்கம் திரும்பி, “உங்கப்பா ஆபீசுல பாத்த வண்டி, அதனாலதான் கண்ண மூடிக்கிட்டு வாங்கினேன்” என்றான்.

கண்ணை மூடிக்கொண்டு என்று அவன் பெருமையாகத்தான் சொன்னான்.

சவுரிமுத்து வெளியே போய், தெருமுனையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அப்துல் கஃபாரைக் கூப்பிட்டார். கஃபார் இந்தத் தொழிலில் ஓர் அதிசயப் பிறவி. ரிப்பேர் என்றால் ரிப்பேர் செய்வார். அதனால் அவருக்கு அவ்வளவாகக் கூட்டம் கிடையாது.

“பாய், ஒரு ஒத்தாசை. அந்த வெள்ள வண்டி சரியில்லன்னு எம்மருமவன்கிட்ட நீ சொல்லணும்.”

கஃபார் எட்டிப் பார்த்தார். “அடப்பாவி, இது அந்த ரிட்டையர் ஸ்கூல்காரரு வண்டி இல்ல? நீதான தங்கம்னு சொல்லிகினு திரிஞ்ச?”

“சொன்னேன்பா.”

“இப்ப தகரம்னு நான் சொல்லணுமா? ஒரசிப் பாத்துச் சொல்ல நான் இன்னா தட்டானா? நீயே சொல்லேன்.”

“எங்கூட்டுக்காரி முன்னாடி, சம்பந்தி பையன் முன்னாடி, என் வாயால எப்படி பாய்...”

கஃபார் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார், நல்ல மனுஷன். காரைச் சுற்றி வந்தார். கீழே படுத்துப் பார்த்தார். அந்தக் கார் பிறந்த நாளிலிருந்து அதற்கு அடியில் படுத்துப் பார்த்த நாலாவது ஆளாக இருப்பார். எழுந்து, “தம்பி, தரை அவுட்டு. பிரேக்குல வீல் சிலிண்டர் ஒழுகுது. டயரு கம்பி தெரியுது. இதுல புள்ளத்தாச்சிய ஏத்தாதீங்க” என்றார்.

பிரசன்னா சிரித்தான். மெக்கானிக் என்றால் அப்படித்தான் சொல்வார்கள் என்று அவனுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆர்.சி. புத்தகத்தை மறுபடி விரித்தான். “அண்ணா, கவர்மென்ட் பாத்து ஓகே சொன்னத நீங்க இல்லன்றீங்களா? மாமா, நீங்களே சொல்லுங்க. யார் சொல்றது கரெக்ட்?”

கஃபார் சவுரிமுத்துவைப் பார்த்தார். ஞானம்மாள் வாசற்படியில் நின்று பார்த்தாள். அவளுக்கு இருபத்தாறு வருட அனுபவம் இருந்தது. அந்த முகத்தில் எது ஓடினாலும் படித்துவிடுவாள்.

“இன்னாய்யா முழிக்கிற? வாயில கொழுக்கட்டையா?” என்றாள்.

சவுரிமுத்து வாயைத் திறந்தார். இருபது வருடம் ‘தங்கம் சார்’ சொன்ன வாய் வேறெதுவும் சொல்லப் பழகியிருக்கவில்லை. மணி மூன்று இருபது. ஜெசிந்தா ரிப்போர்ட் ஃபைலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பின்கதவின் கைப்பிடியில் கை வைத்தாள்.

“இரு” என்றார் சவுரிமுத்து.

மகளை நகர்த்திவிட்டுத் தானே பின்சீட்டுக்குள் குனிந்து ஏறினார். ரப்பர் மேட்டை உருவி வெளியே எறிந்தார். கறுப்பு பெயின்ட் பளபளத்தது, அவர் கையால் அடித்தது. தகரம் கொஞ்சம் நசுங்கும், அதைக் காட்டிப் பேசிக்கொள்ளலாம் என்பதுதான் அவர் கணக்கு. செருப்புக் காலைத் தூக்கி ஒரு மிதி மிதித்தார்.

தன் வேலையின் தரத்தைப் பற்றி அவருக்கே சரியான மதிப்பீடு இல்லை. கால் முழங்கால் வரைக்கும் உள்ளே போயிற்று. செருப்பு கழன்று ரோட்டில் விழுந்தது. காருக்கு அடியில் சவுரிமுத்துவின் வெறுங்கால் தரையில் ஊன்றி நின்றது.

பிரசன்னா குனிந்து மாமனாரின் ஐந்து விரல்களையும் பார்த்தான். பிறகு கையிலிருந்த ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தான்.

“நான்தான் மாப்ள” என்றார் சவுரிமுத்து, உள்ளேயிருந்து. “இந்தத் தரைய நான்தான் பண்ணேன். எண்ணெ டின்னு. பிரேக்கு இல்ல, கியர்ல நிறுத்திக் காட்டினேன். அன்னிக்கு இருந்த டயரு என் டயரு, அதோ கொட்டாயில கீது. நான் ஆபீசரு இல்ல. மரத்தடியில புரோக்கரு.”

சொல்லி முடித்ததும் காலை வெளியே இழுக்கப் பார்த்தார். வரவில்லை. வெட்டுப்பட்ட டின் விளிம்பு கீழ்நோக்கி வளைந்து, கெண்டைக்காலில் பற்களைப் போலப் பிடித்துக்கொண்டது. ரத்தம் வந்தது.

ஞானம்மாள் புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். “யாரும் இழுக்காதீங்க! பாய், தகரம் வெட்டுற கத்திரி எடுத்துனு வாங்க. ஜெசி, நீ திண்டு போட்டு உள்ள உக்காரு, இங்க பாக்காத. மாப்ள, கொட்டாயில அவரோட ஃபர்ஸ்ட் எய்ட் பெட்டி கீது பாருங்க, அத எடுங்க.”

“அது வேணாம்” என்றார் சவுரிமுத்து அவசரமாக.

“ஏன் வேணாம்?”

அதற்குள் பிரசன்னா பெட்டியைக் கொண்டுவந்து திறந்துவிட்டான். நூற்றுக்கணக்கான கார்களின் உயிரைக் காப்பதாக அரசாங்கத்தின் முன் தூக்கிக் காட்டப்பட்ட பெட்டி. உள்ளே ஒரு கார்பன் பேப்பர் கட்டு, இரண்டு பால்பாயின்ட் பேனா, ஒரு வெற்றிலைப் பொட்டலம், சுண்ணாம்பு டப்பா, ஒரு எவர்சில்வர் ஸ்பூன்.

ஞானம்மாள் அதை ஒரு கணம் பார்த்தாள். “நல்லா கீதுய்யா உன் ஆஸ்பத்திரி” என்றாள். பிறகு வீட்டுக்குள் போய்த் தன் பையிலிருந்து உண்மையான பஞ்சும் டிஞ்சரும் எடுத்து வந்தாள்.

கஃபார் தகரத்தை வெட்டிக் காலை விடுவித்தார். காயம் நாலு விரற்கடை நீளம். ஞானம்மாள் புண்ணை இரக்கமில்லாமல் தேய்த்துக் கழுவினாள். துருத் தகரக் காயத்தில் இரக்கம் பார்ப்பது சீழுக்குத்தான் உபகாரம்.

“ஐயோ, மெதுவாடி...”

“கத்தாத. தங்கம்தான கிழிச்சுது?”

செக்கப்புக்கு எல்லாரும் ஒரே ஆட்டோவில் போனார்கள். நடுவில் ஜெசிந்தா, இரண்டு பக்கமும் அம்மாவும் புருஷனும், டிரைவர் சீட்டில் ஒட்டிக்கொண்டு சவுரிமுத்து. மகளுக்கு மாடியில் செக்கப், அப்பாவுக்குக் கீழே ஆறு தையலும் டெட்டனஸ் ஊசியும். திரும்பும்போதுதான் பிரசன்னா சொன்னான்.

“எங்க ஆபீசுலயும் ரிலீஸ் தேதி வந்துட்டா எல்லாத்தையும் பாஸ்னு போட்டுடுவோம் மாமா. ஆனா அத நான் என் பொண்டாட்டிக்கு வாங்கித் தர மாட்டேன்.”

காலைத் தொங்கப் போடாதே என்று ஞானம்மாள் சவுரிமுத்துவை அதட்டினாள்.

பத்தாம் நாள் குழந்தை பிறந்தது. அதற்கும் ஆட்டோதான், ஏனென்றால் வெள்ளைக் கார் கஃபாரின் ஒர்க்‌ஷாப்பில் நான்கு கல் மேல் தரை இல்லாமல் உட்கார்ந்திருந்தது. பெண் குழந்தை, மூன்று கிலோ நூறு கிராம். தராசு சரியான தராசுதானா என்று ஞானம்மாள் இரண்டு முறை நிறுத்துப் பார்த்தாள். அந்தக் குடும்பத்தில் அப்போது யாரும் எதையும் சும்மா நம்புவதாக இல்லை.

கஃபார் அழுகிய தரையை முழுக்க வெட்டியெடுத்துக் கெட்டியான இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்தார். பிரேக் புதிதாயிற்று. டயருக்கு என்ன செய்வது என்ற பேச்சு வந்தபோது சவுரிமுத்து நொண்டிக்கொண்டே கொட்டகைக்குப் போய், அந்த நான்கு டயர்களையும் ஒவ்வொன்றாக உருட்டி வந்தார். நல்ல டயர்களாயிற்றே என்று யாரோ சொன்னதற்கு, கஃபார் நகத்தால் பக்கவாட்டில் கீறிக் காட்டினார். ஆறு வருடம் ஓடாமல் நின்றே ரப்பர் வெடித்திருந்தது.

“இதுவும் தகரம்தான் சவுரி” என்றார். “முடி மட்டும்தான் புதுசு.”

நான்கும் அன்றே பழைய டயர்க்காரனிடம் போயின. மருமகன் புதிது வாங்கினான். ஹாரனை மட்டும் காரில் மாட்டிக்கொண்டார்கள், அது உண்மையிலேயே நல்ல ஹாரன்.

சவுரிமுத்து திருந்திவிட்டார் என்று எழுதினால் அழகாக இருக்கும். ஐம்பத்து மூன்று வயதில் வேறு தொழில் யார் கொடுப்பார்கள்? தையல் பிரித்ததும் மரத்தடிக்குப் போய்விட்டார். ஒன்று மட்டும் மாறியது. யார் கார் கொண்டுவந்தாலும் முதலில் மேட்டைத் தூக்கிவிட்டு, நல்ல காலால் ஒரு மிதி மிதிப்பார். பிறகு ஓட்டிப் பார்த்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, வெறும் பிரேக்கில் நிறுத்திப் பார்ப்பார். நிற்காவிட்டால் காரும் காகிதமும் திரும்பிப் போகும். “கஃபார் பாய்ட்ட போய்ட்டு வா” என்பார். வந்தவர்களில் பாதிப் பேர் பக்கத்து மரத்தடிக்குப் போனார்கள். முதலுதவிப் பெட்டியை ஞானம்மாள் நிரப்பிக் கொடுத்தாள், மாதாமாதம் திறந்து சோதித்தாள். வெற்றிலை சட்டைப் பைக்குக் குடிபெயர்ந்தது.

மைதானத்தில் செய்தி பரவியது. சவுரி கொண்டுவரும் கார் நிஜமாகவே ஓடுகிறது, நிஜமாகவே நிற்கிறது. இப்படி ஒரு விஷயம் அங்கே புதிது. ஆபீஸ் அதை எப்படிப் பயன்படுத்திக்கொண்டது என்பது 2009-இல் தெரிந்தது.

வெள்ளைக் காருக்கு இருபது வயது. மறுபடி எஃப்.சி. காட்டும் நாள் வந்தது. பிரசன்னா ஒரு நாள் லீவு போட்டான். காலையில் அந்தக் காரில்தான் ஐந்து வயதாகப்போகும் மகளைக் கோடை வகுப்பில் இறக்கிவிட்டு வந்திருந்தான். பின்சீட்டில் அவள் விட்டுப்போன தண்ணீர் பாட்டில் கிடந்தது, இடதுபக்கம். சவுரிமுத்து முந்தின நாளே மூன்று முறை மிதித்துப் பார்த்துவிட்டார். கஃபார் இரண்டு முறை அடியில் படுத்துப் பார்த்துவிட்டார். இரவல் டயர் இல்லை, இரவல் விளக்கு இல்லை. அந்த மரத்தடி மனிதர் முதல்முறையாக அந்தக் காரை அது இருந்தபடியே மைதானத்துக்குள் கொண்டுபோனார்.

நாற்காலியில் வேறொரு பிரேக் இன்ஸ்பெக்டர். நாற்காலி அதேதான்.

“சவுரி மிதிச்சாச்சா?” என்றார்.

“மிதிச்சாச்சு சார்.”

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

“சார்,” என்றார் சவுரிமுத்து, “ஒருவாட்டி எந்திரிச்சி வந்து, கீய குனிஞ்சி பாத்துடுங்க சார். எம்பேத்தி போற வண்டி. இன்னொரு கண்ணும் பாத்துட்டா நல்லாருக்கும்.”

“ஏன்யா, உம்மேல எனக்கு நம்பிக்கை இல்லாமலா?” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார் இன்ஸ்பெக்டர். 2014 வரை.

“ஓட்டியாவது காட்டுறேன் சார். பிரேக்கு நல்லா புடிக்குது சார்.”

“அடுத்த வண்டி” என்றார் அவர்.